முகத்துக்கு மட்டும் நிழல்

நான் வேலை செய்வது கனடாவில், மில்லிக்கன் பக்கத்துப் பிளாசா ஒன்றில் இருக்கும் பிரேம் கடையில். இடது பக்கம் பல் வைத்தியர், வலது பக்கம் பேக்கரி. இருபது வருடமாகப் படங்களுக்குச் சட்டம் அடிக்கிறேன். கலியாணப் படம், பட்டமளிப்புப் படம், சாமிப் படம் எல்லாம் வரும். ஆனால் எங்கள் சனம் மூச்சு வாங்க ஓடி வருவது செத்தவீட்டுக்குத்தான். "அக்கா, நாளைக்குக் காலமை வேணும்" என்று கைபேசியை நீட்டுவார்கள். அதில் ஒரு மனிதர் யாருடையதோ பிறந்தநாள் விழாவில் சாப்பாட்டுத் தட்டோடு சிரித்துக்கொண்டு நிற்பார். தட்டையும் பக்கத்தில் நிற்பவர்களையும் நீக்கிவிட்டு, சிரிப்பை மட்டும் பெரிதாக்கிக் கொடுக்க வேண்டும்.

அந்தப் பிரேம்களின் மேல் மூலைகள் இரண்டிலும் சின்னப் பித்தளைக் கொழுக்கி ஒவ்வொன்று வைப்பேன். மாலை போடுவதற்கு. இந்த யோசனை அம்மாவுடையது. ஒரு செத்தவீட்டில் மாலை வழுக்கி வழுக்கி விழுந்து, கடைசியில் யாரோ செலோடேப் போட்டு ஒட்டியதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். "நீ உதிலை ரெண்டு கொழுக்கி வைச்சுக் குடு பிள்ளை. சனம் மாலையோடை நிண்டு அந்தரப்படுகுது." அதற்குப் பிறகு கொழுக்கி வைக்காமல் ஒரு தமிழ் முகத்தையும் நான் வெளியே அனுப்பியதில்லை.

இத்தனை முகங்களுக்குச் சட்டம் அடித்த எனக்கு என் அக்காவின் படத்துக்கு ஒரு பிரேம் போட அனுமதி இருக்கவில்லை.

அக்கா சண்டை முடிந்த வருடத்தில் காணாமல் போனாள். வீட்டில் அப்படித்தான் சொல்வோம். நானும் அம்மாவும் கனடாவுக்கு வந்தபோது அவளுக்கு இருபத்து மூன்று வயது. வன்னியில் படிப்பிக்கும் வேலை கிடைத்திருந்தது, வரமாட்டேன் என்று நின்றுவிட்டாள். பிறகு எப்போதாவது தொலைபேசியில் குரல் வந்தது. பிறகு அதுவும் இல்லை. எங்களிடம் மிஞ்சியது அடையாள அட்டைக்கு எடுத்த படம் ஒன்று, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அதை அம்மா பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தன் கைப்பைக்குள் வைத்திருந்தார். நான் பெரிதாக்கித் தருகிறேன் என்றால் கோபம் வரும். "சுவரிலை ஏத்தினா அதோடை சரி. அவள் இருக்கிறாள். இருக்கிற பிள்ளையை நான் சுவரிலை ஏத்தமாட்டன்."

அவள் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஒன்பது வருடங்களுக்கு முன், ஒஷாவாவில் இருக்கும் ஒருவர் சண்டையின் கடைசிவரை வன்னியில் நின்றவர் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். அவர் அக்காவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். ஆள் மாறியிருக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கூடாரம் போட வைத்திருந்த தரப்பாள் ஒன்றால் அவளை மூடியது தானும் இன்னொருவரும்தான் என்றார். எனக்கு முன்னால் இருந்து அந்த மனிதர் அழுதார். நான் அழவில்லை. வீட்டுக்கு வந்தபோது அம்மா புட்டு அவித்து வைத்திருந்தார். "எங்கை போனனி?" என்று கேட்டார். "கடைக்கு" என்றேன். சாப்பிட்டேன். ஒரு பொய் சொன்னால் அதைக் காக்க ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். எனக்கு ஒன்பது வருடம் தேவைப்பட்டது.

நாளை சொல்லலாம் என்று நினைத்தேன். நாளை வந்தது, அம்மாவுக்குப் பிரஷர் கூடியிருந்தது. அடுத்த நாளை வந்தது, கோயில் திருவிழா. இப்படித்தான்.

அம்மாவின் கணக்கில் அக்கா அகதிக் கப்பலில் வந்திருக்கலாம். தலையில் அடிபட்டுப் பெயர் மறந்திருக்கலாம். இதே ஊரில் யாரோ ஒருவரின் பேஸ்மென்ட்டில் இருக்கலாம். ஆகவே வோபர்னில் எங்கள் கட்டடத்தின் வாசலில் இறங்கினாலே தேடத் தொடங்கிவிடுவார். பஸ்ஸில், கிளினிக்கில், மரக்கறிக் கடையில் முகம் முகமாகப் பார்ப்பார். ஒருநாள் மார்க்கம் ரோட் பஸ்ஸில் ஒரு பெட்டையை அவர் வைத்த கண் வாங்காமல் பார்த்ததில் அவள் எழும்பிப் பின்னால் போய்விட்டாள். எனக்கு அன்று முழுதும் நின்று கால் உளைவு. பொறுமை என்ற சாமான் எனக்குப் பிறவியிலேயே குறைவு.

"அம்மா, அக்காவுக்கு இப்ப அம்பது வயசு. உந்தப் பெட்டைக்கு இருவது. அவளைப் பாத்து என்ன செய்யப் போறியள்?"

அம்மா கைப்பையைத் திறந்து படத்தைப் பார்த்தார், மூடினார்.

"அப்ப நான் இவ்வளவு காலமும் பிழையான ஆக்களையே பாத்தனான்?"

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். அன்று தொடங்கியது. அக்கா இப்போது எப்படி இருப்பாள் என்று தனக்குத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து ஸீற்றில் வந்து இருந்தாலும் தெரியாமல் போய்விடும் என்று ஒவ்வொரு நாளும் கேட்டார். "உன்ரை கடைக்கு எத்தினை படம் கீறுற ஆக்கள் வருகினம். ஒருத்தரைக் கேளன்."

எங்கள் கடைக்குப் படம் கீறுகிறவர் என்று ஒழுங்காக வந்தது ஒரே ஒருவர்தான். மங்கோலியாவில் இருந்து வந்த பெண், என்னைவிட நாலைந்து வயது கூட. வயோதிபர் இல்லம் ஒன்றில் உடுப்புத் தோய்க்கும் பகுதியில் வேலை. கடையில் இருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில் இருந்தார். அவர் கீறியது எல்லாம் தன் ஊர்ப் பெண்களை. ராணிகளை அல்ல. இங்கே நகம் பூசும் கடையில் நிற்கிறவர், ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிறவர், குழந்தை பார்க்கிறவர் என்று தனக்குத் தெரிந்த பெண்களைக் கூப்பிட்டு இருத்தி, அவரவர் குலத்துக்குரிய பழைய உடுப்போடு கீறுவார். ஒருத்தியின் கூந்தல் செம்மறிக் கடாவின் கொம்பு போல இரண்டு பக்கமும் விரிந்து, வெள்ளிப் பட்டி போட்டு இறுக்கியிருக்கும். அதே பெண்ணின் காலில் இங்கே வாங்கிய ஸ்னோ பூட்ஸ் இருக்கும். ஒவ்வொரு படத்திலும் இந்த ஊர்ச் சாமான் ஒன்று இருந்தே தீரும்.

முதல் படத்துக்குச் சட்டம் அளந்தபோதே எனக்கு ஏதோ இடறியது. முகத்தில் வெளிச்சம் ஒரு பக்கம் இருந்து வந்தது. கன்னத்தின் பள்ளம், கண்ணுக்குக் கீழே பை, வாயோரத்தில் களைப்பு எல்லாம் தொட்டுப் பார்க்கலாம் போல இருந்தது. கழுத்துக்குக் கீழே வந்ததும் வெளிச்சம் நின்றுவிட்டது. உடுப்பு ஒரே தட்டையான நீலம், மயிர் அளவு கோடு, பின்னால் சுருள் சுருளாக மேகம். இரண்டு பேர் சேர்ந்து கீறினீர்களா என்று கேட்டேன். நாங்கள் பேசியது உடைந்த ஆங்கிலம், இங்கே தமிழில் நிமிர்த்தி எழுதுகிறேன்.

"நான் ஒருத்திதான். கல்லூரியில் எனக்குப் படிப்பித்தவர்கள் ரஷ்யாவில் படித்தவர்கள். எண்ணெய் வர்ணம், எலும்பு, தசை, நிழல் எல்லாம் அங்கே. துணியில் பசையும் சுண்ணாம்பும் பூசித் தேய்த்து, கல்லை அரைத்த வர்ணத்தால் தட்டையாகக் கீறுவது எங்கள் பழைய முறை. அதில் நிழலே கிடையாது."

"இரண்டையும் ஏன் கலக்கிறீர்கள்?"

"முகத்துக்கு வயது போகும். உடுப்புக்குப் போகாது. அதனால் முகத்துக்கு மட்டும் நிழல்."

இந்த மனிசியிடம்தான் அக்காவைக் கேட்டேன். அடையாள அட்டைப் படத்தை நீட்டி, இவளை ஐம்பது வயதில் கீற முடியுமா என்றேன். முதலில் மறுத்தார், தன் ஊர்ப் பெண்களைத் தவிர வேறு முகம் கைக்கு வராது என்றார். இரண்டு நாள் கழித்துத் தானே கடைக்கு வந்தார். அம்மா பஸ்ஸில் முகம் தேடுவதை நான் சொல்லியிருந்தேன், அது மனதை விட்டுப் போகவில்லையாம்.

"ஒன்று கேட்க வேண்டும்" என்றார். "அவர் உயிரோடு இருக்கிறாரா?"

கவுன்ரருக்கு அந்தப் பக்கம் வேறு யாரும் இல்லை. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சமயம் எனக்கு ஒன்பது வருடத்தில் கிடைக்கவில்லை. "ஓம், இருக்கிறாள்" என்றேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நான் அந்தப் பேஸ்மென்ட்டில் போய் இருந்தேன். சகோதரிகளுக்குத் தோளும் கையும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று என்னை இருத்திக் கீறினார். உப்புப் போட்ட பால் தேத்தண்ணி தருவார். கோப்பையை வலது கையில் ஏந்தி, இடது கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டு நீட்டுவார். தேத்தண்ணிக்கு உப்பா என்று முதல்நாள் முகம் சுளித்தேன், மூன்றாம் ஞாயிறு இரண்டாவது கோப்பை கேட்டு வாங்கினேன். சுவரில் சாய்த்து வைத்திருந்த மங்கோலியப் பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த முகங்களுக்கு நடுவில் இருந்துகொண்டு, செத்துப்போன ஒருத்திக்கு வயது போகச் செய்கிறேனே என்று எனக்கு அருவருப்பாக இருந்தது. என்னில்தான் அருவருப்பு. ஆனாலும் எழும்பிப் போகவில்லை. அந்த முகத்தைப் பார்க்க எனக்கும் ஆசையாக இருந்தது.

நாலாவது ஞாயிறு அவர் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு முன்னால் கொப்பியோடு இருந்தார். மொழிபெயர்க்க வேண்டாம் என்று என்னைக் குசினிக்குள் அனுப்பிவிட்டார். அம்மா ஒரு மணித்தியாலம் யாழ்ப்பாணத் தமிழில் கதைத்தார். அக்கா கத்தரிக்காய் தின்னமாட்டாள், கணக்குச் செய்யும்போது கீழ் உதட்டின் ஒரு மூலையைக் கடிப்பாள் என்று தானும் கடித்துக் காட்டினார். அந்த மனிசிக்கு ஒரு சொல் விளங்கியிருக்காது. ஆனால் பென்சில் நிற்கவில்லை. போன பிறகு அம்மா, "நல்ல மனிசி. எல்லாம் விளங்கிப்போட்டுது அவவுக்கு" என்றார்.

படம் முடிந்து கடைக்கு வந்த அன்று பார்த்தேன். அக்கா. ஐம்பது வயது. வகிட்டில் நரை, கண்ணுக்குக் கீழே மெல்லிய நிழல், கீழ் உதடு ஒரு மூலையில் லேசாக உள்ளே போயிருந்தது. சிவப்புச் சேலை, ஒரு மடிப்பு நிழல்கூட இல்லாமல் தட்டையாக, கோடு கோடாக. பின்னால் அதே சுருள் மேகம். மேகத்துக்கு நடுவில் ஒரு ஆணி, ஆணியில் என் குளிர் கோட். நான் போய் இருந்த நாட்களில் கழற்றிக் கொழுவி வைத்த கோட். அக்கா ஒருநாளும் போடாத கோட். கடைப் பின்னறையில் கதவைச் சாத்திவிட்டு, ஒஷாவாவில் அழாத அழுகையை அழுது முடித்தேன்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். அன்று ஒரே குடும்பத்துக்கு ஆறு படம் கொடுக்க வேண்டியிருந்தது, அடுத்தநாள் அவர்களின் தகப்பனுக்குச் செத்தவீடு. ஆறோடு ஏழாவதாக அக்காவையும் மேசையில் வைத்து வெட்டினேன், ஒட்டினேன், கண்ணாடி துடைத்தேன். மண்ணிறத் தாளில் சுற்றி வைத்தேன். கொடுப்பவரே கையால் கொடுக்க வேண்டும் என்பது தங்கள் முறை என்று சொல்லி, ஓவியக்காரி தானே வந்து அக்காவை எடுத்துப் போனார்.

சனிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். தன் ஊர் உடுப்பு உடுத்திருந்தார், கழுத்தோரத்தில் வெள்ளிப் பொத்தான். அம்மா தலை சீவிப் பொட்டு வைத்து, விருந்தாளி வருகிறபோது மட்டும் உடுக்கும் சேலையோடு சோபாவில் இருந்தார். கதவுக்கு வெளியே தாள் கிழிக்கும் சத்தம் கேட்டது. பிறகு இரண்டு கைகளிலும் படத்தை ஏந்தி, சற்றுக் குனிந்தபடி உள்ளே வந்து அம்மாவுக்கு நேரே நீட்டினார்.

அம்மா முகத்தைப் பார்த்தார். அவருடைய கீழ் உதடு தானாக உள்ளே போனது. "என்ரை பிள்ளை" என்றார். அவ்வளவு சந்தோசமாக அவர் பேசி நான் கேட்டு எத்தனை காலம். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

பிறகு அவருடைய கண் மேலே போனது. நானும் அப்போதுதான் பார்த்தேன். பிரேமின் மேல் மூலைகளில் இரண்டு பித்தளைக் கொழுக்கிகள். அவற்றில் ஒரு நீலப் பட்டுத் துணி, மூலைக்கு மூலை கட்டி, அக்காவின் நெஞ்சில் வளைந்து தொங்கியது.

பட்டு அவர்களின் மரியாதை. பெரியவர்களுக்கு ஒன்றைக் கொடுக்கும்போது நீலப் பட்டை விரித்து அதன்மேல் வைத்துக் கொடுப்பார்கள் என்று அவர் என்னிடம் முன்பே சொல்லியிருக்கிறார். வாசலில் தாளைக் கிழித்துக் கொழுக்கிகளைக் கண்டதும், நான் அந்தப் பட்டை நினைத்துத்தான் வைத்திருக்கிறேன் என்று மகிழ்ந்து அதிலேயே கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அவரில் ஒரு பிழையும் இல்லை. ஆறு செத்தவீட்டுப் படங்களோடு ஏழாவதுக்கும் கொழுக்கி வைத்தது என் கை. வைத்தது எனக்கு ஞாபகம்கூட இல்லை.

"உது என்ன பிள்ளை?"

"அவையின்ரை மரியாதை, அம்மா. பெரியாக்களுக்குக் குடுக்கேக்கை பட்டு வைச்சுத்தான் குடுப்பினம்."

அம்மா கையை நீட்டிப் பட்டைத் தொடாமல் கொழுக்கியைத் தொட்டார்.

"உது?"

நான் பட்டின் நுனியை இழுத்து அதை மூடப் பார்த்தேன்.

"கொழுக்கி ஆர் வைச்சது?"

"நான்தான். கைப்பழக்கம், அம்மா. தெரியாமல் வைச்சிட்டன்."

அது உண்மை. ஒன்பது வருடத்தில் நான் அம்மாவிடம் அக்காவைப் பற்றிச் சொன்ன முதல் உண்மை அதுதான், அதை அவர் நம்பவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பஸ்ஸிலும் கடையிலும் இத்தனை வருடம் முகங்களைப் படித்த மனிசி. பக்கத்திலேயே இருந்த என் முகத்தை அன்றுதான் பார்த்தார் போல.

"எப்ப தொடக்கம் உனக்குத் தெரியும்?"

"ஒன்பது வருசம்."

"ஆர் சொன்னது?"

சொன்னேன். தரப்பாளையும் சொன்னேன். ஓவியக்காரி படத்தை நீட்டியபடியே நின்றார். அம்மா அழுவார், என்னைத் திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நல்லது.

"என்ன நாள்?" என்று கேட்டார்.

"தெரியாது, அம்மா."

"திதி தெரியாட்டி என்னெண்டு அவளுக்குத் திவசம் குடுக்கிறது?"

"அந்தாளுக்கும் தெரியாது. மழை விட்ட அடுத்தநாள் எண்டு மட்டும்தான் சொன்னவர்."

"அவருக்குத் தெரியாதெண்டில்லை. உடனை கேட்டிருந்தா ஞாபகம் இருந்திருக்கும்" என்றார் அம்மா. "நீ கேக்கேல்லை."

நான் கேட்கவில்லை. அது உண்மை. இப்போது கேட்கவும் முடியாது, அந்த மனிதர் போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய படத்துக்கும் சட்டம் அடித்தது நான்தான். அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

அம்மா படத்தை வாங்கவில்லை. "அவ எவ்வளவு நேரமா நிக்கிறா. தேத்தண்ணி ஊத்திக் குடு" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனார். நான் தேத்தண்ணி ஊத்தினேன். ஓவியக்காரி படத்தைச் சுவரில் சாய்த்து வைத்து, பட்டை அவிழ்த்து மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு அதைக் குடித்தார்.

அடுத்த கிழமை நான் அவருடைய பேஸ்மென்ட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். உயிரோடு இருக்கிறாள் என்று சொன்னது பொய் என்றும் சொன்னேன். தூரிகையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். கடைசியில், "தெரிந்திருந்தால் முகத்துக்கும் நிழல் போட்டிருக்க மாட்டேன்" என்றார். "இல்லாத ஒருத்திக்கு நான் வயது போக வைத்துவிட்டேன்." அன்று தேத்தண்ணி தரவில்லை. அதற்குப் பிறகு அவர் தன் பெண்களை எங்கள் கடைக்குக் கொண்டு வருவதும் இல்லை. வேறு எங்கேயோ சட்டம் போடுகிறார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருடைய கையை வைத்தும் நான் பொய் சொல்லியிருக்கிறேன்.

படம் என் அறையில் சுவரைப் பார்த்தபடி நிற்கிறது. கொழுக்கிகளைக் கழற்றி ஓட்டைகளை மெழுகால் அடைத்தேன். தெரிந்த கண்ணுக்கு அடைத்த இடம் தெரியும்.

அம்மா என்னோடு பேசுகிறார். சாப்பிட்டாயா, கோட் போட்டாயா என்று கேட்கிறார். அந்தச் சின்னப் படம் இப்போது கைப்பையில் இல்லை. எங்கே வைத்தார் என்று கேட்கும் துணிவு எனக்கு இல்லை. மாசி மாதம் கண் டொக்டரிடம் கூட்டிப் போனேன். பஸ்ஸில் ஒரு பெட்டை எழும்பி அம்மாவுக்கு இடம் கொடுத்தாள். அம்மா "தாங்ஸ்" என்று சொல்லி இருந்துகொண்டார், அவளின் முகத்தைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த கையுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்ஸ்மியர் தரிப்பில் ஒரு பெண் ஏறினாள். எங்கள் ஆள்தான், ஐம்பது வயதிருக்கும், வகிட்டில் நரை, கையில் மரக்கறிப் பை. நான் பார்த்தேன். அவள் நடந்து போய் இருக்கும் வரை பார்த்தேன். இருந்த பிறகும் தலையைத் திருப்பிக் கீழ் உதட்டைப் பார்த்தேன்.

அம்மா என் முழங்காலில் கை வைத்தார்.

"பாக்காதை பிள்ளை," என்றார். "நான் பாத்ததே போதும்."